திங்கட்கிழமைத் தாள்கள்

என் மகள் அடிவாரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். உதவித்தொகைத் தேர்வுக்கு எழுதிப் பார்த்த கணக்குத் தாள்களை வீட்டில் பரப்பி, தப்பு எங்கே வருகிறது என்று தேடினாள். ஐந்தாவதோடு நின்ற எனக்குக் கணக்கு புரியவில்லை, மேலே இருந்த கிழமை புரிந்தது. மார்க் குறைந்ததெல்லாம் திங்கட்கிழமைத் தாள்கள்.

ஞாயிறுதோறும் அம்மனுக்கு அவள் கையால் விளக்கேற்ற வேண்டும் என்று நான்தான் மலைக்கு வரவழைத்தேன். திங்கள் விடியுமுன் நெல்லிவாசல் ஊர் ஜீப்பில் நின்றுகொண்டே மலையிறங்கி, தூக்கமில்லாமல் பரீட்சையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"தேர்வு முடியற வரைக்கும் வராதடி" என்றேன்.

"இன்னாம்மா, என் பங்கு சாமைச் சோத்தையும் நீயே துன்னலாம்னா?" என்று சிரித்தவள், என் முந்தானையை விடவில்லை.

இப்போது நானே விளக்கேற்றுகிறேன். தாயே, அவள் நன்றாகத் தூங்கட்டும் என்றுதான் வேண்டுகிறேன். ஆனாலும் ஜீப் சத்தம் கேட்டால், வரமாட்டாள் என்று தெரிந்தே வாசலுக்குப் போய் நிற்கிறேன்.