ஓணானுக்குக் கொடுத்த கண்ணாடி அலுமாரி

சவூதியிலிருந்து லீவில் வந்த என் மனிசன் பெட்டியைத் திறந்து சேலை, அத்தர், டோர்ச் லைட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, கடைசியாக ஒரு பால்மா டின்னை வெளியே எடுத்தார். மூடியில் ஆணியால் துளை போட்டிருந்தது. துளை போட்ட டின்னுக்குள் நல்ல சாமான் எது வரும்?

உள்ளே ஓர் ஓணான் குஞ்சு. மணல் நிறம், தடித்த வால், வாலைச் சுற்றி முள் முள்ளாகச் செதில். இவர் அங்கே பாலைவனத்தில் லொறி ஓட்டுகிறவர். றோட்டோரத்தில் கண்டு பிடித்தாராம். அரபிகள் இதைச் சுட்டும் தின்பார்களாம், வளர்க்கவும் செய்வார்களாம். இலை குழைதான் தின்னுமாம். எட்டு வயது மகள் ஒரு கூச்சல் போட்டு அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். சேலையை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் உட்பட.

பக்கத்து வளவில் இருக்கிற என் கூடப்பிறந்த ராத்தா வந்து எட்டிப் பார்த்தா.

"அல்லாவே! ஓணானக் கண்டா கல்லெடுத்து எறியிற ஊர் இது. இவர் என்னெண்டா பிளேன்ல ஏத்திக் கொண்டாந்திரிக்காரு."

அதுவும் உண்மைதான். நபிகளார் குகைக்குள் இருந்தபோது தலையை ஆட்டி எதிரிகளுக்குக் காட்டிக்கொடுத்தது ஓணான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் கல் மட்டும் தானாகக் கைக்கு வந்துவிடும். அதனால் இதற்குப் பூட்டுப் போடுகிற கூடாக வேண்டும் என்றார் மகளின் வாப்பா. அவருடைய கண் என் கண்ணாடி அலுமாரியில் போய் நின்றது.

"என்ட அலுமாரியத் தொட்டீங்கெண்டா பாருங்க!"

"கோப்பைக்கென்ன, உயிரா இரிக்கி?" என்றார்.

அது என் கல்யாணத்துக்கு என் வாப்பா செய்து தந்த அலுமாரி. பெருநாளைக்கு மட்டும் எடுக்கிற கோப்பைகளெல்லாம் சாக்குக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் தட்டுகளைக் கழற்றினார், முதுகுப் பலகையில் காற்றுக்குத் துளை போட்டார், ஒரு மூலையில் பல்ப் பூட்டி அதன் கீழே ஒரு செங்கல் வைத்தார். மற்ற மூலையில் உடைந்த ஓட்டைக் கவிழ்த்து வைத்தார். ஒரு பக்கம் சூடு, மற்றப் பக்கம் நிழல், வேண்டிய இடத்துக்கு அது போகும் என்றார். சும்மா சொல்லக்கூடாது, மனிசனுக்குக் கைவேலை வரும்.

மணல்தான் மிச்சம். மணலுக்கு நாங்கள் எங்கே போக வேண்டும்? கடல் கூப்பிடு தூரம். அவரும் மகளும் வாளியோடு போய் அள்ளி வந்து, முற்றத்தில் சாக்கு விரித்துக் காயப்போட்டார்கள். வெயிலில் அது கண்ணைக் கூசப் பண்ணியது.

"எங்கட ஊர் மணலுக்கு என்ன குறை? சவூதி மணல விட வடிவு" என்று ராத்தாவே மெச்சினா. ஒருத்தருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

அது அனல் காற்று வீசுகிற காலம். ஓணான் செங்கல்லில் ஏறிப் பல்புக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு கிடக்கும். முருங்கையிலையை மகள் நீட்டினால் கையிலிருந்தே பிடுங்கித் தின்னும். பார்க்கப் பார்க்க எனக்கும் கோபம் ஆறிவிட்டது.

லீவு முடிந்து அவர் புறப்பட்ட காலையில் மகள் அவர் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அவர் ஓணானை எடுத்து அவளுடைய மணிக்கட்டில் தலையை வைத்து, கை நெடுகப் படுக்க வைத்தார்.

"இது வளர்ந்து, இந்த வால் ஒன்ட முழங்கையத் தொட்டா வாப்பா வந்திருவன். சரியா மகள்?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷ எக்ரிமெண்ட் என்று நான் வாய் நோகக் கேட்டும் மழுப்பிய மனிசன், பிள்ளைக்கு ஓணானை வைத்துத் தவணை சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை தோறும் அவள் அளப்பாள். வால் முடிகிற இடத்தில் கண்ணுக்குப் போடுகிற சுருமாவால் ஒரு கோடு போட்டுக்கொள்வாள். "கிட்ட வந்திட்டா உம்மா?" என்று கேட்பாள். ஓணானைவிட அவள் கைதான் வேகமாக வளர்ந்தது. முழங்கை தள்ளித் தள்ளிப் போனது. இதை எந்த வாயால் ஒரு பிள்ளைக்குச் சொல்வது?

பிறகு மாரி வந்தது. அலுமாரிக் கண்ணாடி உள்பக்கம் வேர்த்தது. துடைத்தேன், மறுபடி வேர்த்தது. மணலைத் தொட்டால் ஈரம். கூரை ஒழுகவில்லை, தண்ணீர் சிந்தவில்லை, எங்கிருந்து வருகிறது இந்த ஈரம்? மணலை அள்ளிக்கொண்டு குசினிக்குப் போய், கச்சான் கடலை வறுக்கிறவள் மாதிரி இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தேன். காலையில் வறுத்துக் கொட்டினால் பின்னேரம் அஸருக்குள் திரும்ப ஈரம். கம்பியில் ஒரு தென்னோலை விழுந்தால் போதும், கரண்ட் போய் பல்ப் அணைந்துவிடும். தணல் சட்டி வைத்தேன், புகை மண்டியது. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்தேன். அதன் மேல் ஏறிப் படுத்தது. போத்தல் ஆறினதும் என்னையே பார்த்தது. நான் என்ன சூரியனா, நினைத்தவுடன் எரிய?

ஒரு நாள் குசினிக்குள் வந்த ராத்தா, சட்டியில் கிடந்த மணலைக் கிள்ளி நாக்கில் வைத்தா.

"புள்ள, இது உப்பு!"

நானும் கிள்ளி வாயில் வைத்தேன். மாரி வந்தால் எங்கள் உப்புச் சட்டி தானாகத் தண்ணீர் விடும், பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். கடல் மணலில் உப்பு இருக்கும், உப்பு ஈரத்தை இழுக்கும், இது தெரியாதவர் எங்கள் கரையில் யார்? அத்தனை பேரும் தெரிந்துகொண்டேதான் அந்த மணலைக் கொட்டினோம். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு மணல் என்றால் அது ஒன்றுதான்.

ஆற்று மணல் எடுத்து வர ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், சாக்கோடு சைக்கிளில் மாவடிப்பள்ளிப் பக்கம் போனார். காரைதீவு தாண்டினதும் றோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது என்று தொப்பலாக நனைந்து வெறும் சாக்கோடு திரும்பினார். நான் கடல் மணலையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டுப் அவருடைய பழைய சாரனை மடித்து விரித்தேன். அதற்குள் ஓணான் கறுத்துப் போயிருந்தது. இலையை மூக்கடியில் வைத்தாலும் வாய் திறக்கவில்லை.

அதே பால்மா டின்னில் வைத்து, குடையைப் பிடித்துக்கொண்டு, கல்முனைக்கு மாட்டு டொக்டரிடம் ஓடினேன். நல்ல மனிசன். சிரிக்கவில்லை.

"தங்கச்சி, மாடு ஆடு கோழியெண்டா கேளுங்க, சொல்றன். இத நான் படத்திலயும் கண்டதில்ல. சூடா வெச்சிருங்க."

"அந்தச் சூட்டுக்குத்தானே டொக்டர் நான் நாயா அலையிறன்!"

அவர் கையை விரித்தார். வேறென்ன செய்வார்?

மறுநாள் மத்தியானம் ளுஹருக்குப் பாங்கு சொல்லும்போது என் மடியில், சால்வைக்குள், அது மூச்சை விட்டது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்தாள். அதை வாங்கித் தன் கையில் படுக்க வைத்து ஒரு தரம் அளந்து பார்த்தாள். பிறகு நாங்கள் இருவரும் கிணற்றடியில் குழி தோண்டி வைத்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது.

அந்தக் கிழமைக்குள்ளேயே எங்கள் தெருவில் ஒருவர் சவூதிக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டோம். அப்போது கடிதத்தைவிட ரேடியோ செட்டில் போடுகிற கெசட்தான், பேசிப் பதிந்து கொடுத்து அனுப்புவோம். எப்படிச் சொல்வது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"நீ சலாம் மட்டும் சொல்லு மகள். மிச்சத்த உம்மா சொல்றன்" என்று சிவப்புப் பட்டனை அமத்தினேன். அவள் ரேடியோ செட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா. நான் நல்லா இரிக்கன். உம்மாவும் நல்லா இரிக்கா. ஓணான் நல்லா வளர்ந்திட்டு வாப்பா. கையில வெச்சிப் பாத்தன். வால் முழங்கையத் தொட்டுட்டு." ரேடியோ செட்டுக்குக் கிட்டக் குனிந்தாள். "இனி வாங்க."

நிறுத்துகிற பட்டனில் விரலை வைத்தேன். அமத்த எனக்கு ஏலவில்லை. அவள் கை மேசையில் மல்லாந்து கிடந்தது. கடைசி வெள்ளிக்கிழமைச் சுருமாக் கோடு பாதிக்கையில்கூட இல்லை, மணிக்கட்டுக்குப் பக்கத்திலேயே அழிந்தும் அழியாமலும் இருந்தது.

"இப்ப நீங்க கதைங்க உம்மா" என்றாள்.

நான் சலாம் சொன்னேன். பிறகு நிறுத்துகிற பட்டனை அமத்தினேன்.