ஆணிக் காசு

கினுயோ என்ற பெண்மணி ஒரு பல் மருத்துவருக்கு ஆறாயிரம் யென் கடன்பட்டிருந்தார். நான்கு ஆண்டுக் கடன். அப்படி ஒன்று இருப்பது அந்த மருத்துவருக்கே தெரியாது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு கினுயோவைப் பார்க்க வேண்டுமென்றால் தரையில்தான் பார்க்க வேண்டும். தேவதாருத் தடியின் வெட்டுமுகத்தில் இடது காதை ஒட்டவைத்து, வலது கையிலுள்ள மரச் சுத்தியலால் எட்டித் தட்டுகிறார். உள்ளே ஆணி இருந்தால் சத்தம் மாறும். டொக். டொக். கண் மூடியிருக்கிறது. வாயில் கருப்பட்டி மிட்டாய், கன்னத்தின் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. தட்டி முடிக்கும்வரை சுற்றி நிற்பவர்கள் இருமக்கூடாது. தும்மியவர்களைத் தேநீர் போட அனுப்பிவிடுவார்.

"மெட்டல் டிடெக்டர் வாங்கித் தரேன் கினுயோ, காது குளிர்ல விறைச்சுப் போகுது பாரு" என்பார் ஹதானோ. தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இந்த மரமேறும் குழுவில் கினுயோவின் வயதொத்த ஒரே ஆள்.

"அது எதைப் பார்த்தாலும் கத்தும். உன்னை மாதிரி. என் காது கேட்டுட்டுத்தான் பேசும்."

குஜோ மலையடிவாரத்தில், அறுவடை முடிந்த வயல் ஒன்றில் இந்தக் கூட்டம் கூடுகிறது. பெரும்பாலும் நகோயாவிலிருந்து காரில் வருபவர்கள். செவிலியர், பள்ளி ஆசிரியர், கம்ப்யூட்டர்காரர்கள். வண்ணவண்ணக் கயிறுகளைப் போட்டு மரமேறுவார்கள், கிளை இறக்குவார்கள், விழுந்த தடியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அதைப் பலகையாக்குவது கினுயோவின் வேலை. "ஒரு காலத்துல கூலி குடுத்து மரம் ஏத்துனாங்க. இதுங்க பெட்ரோல் போட்டு வந்து, காசு கட்டி ஏறுதுங்க" என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார். அவர்களுக்கு அது பாராட்டுப் போலத்தான் கேட்கும்.

இயந்திரம் அவருடைய சொந்தம். ஒரு சின்ன டிரெய்லர், அதன்மேல் தண்டவாளம் போல இரண்டு இரும்பு, அதில் ஓடும் ரம்பம். ரம்பப் பட்டை விரல் அகலம்தான், ஆனால் வெண்ணெயை வழிப்பது போல மரத்தை வழித்துக்கொண்டு போகும். பதினைந்து வயதில் நூற்பாலைக்குப் போனவர் கினுயோ. பிறகு பத்தொன்பது வருடம் லாரி ஓட்டினார். நாற்பத்து நான்கு வயதில், யாரிடமும் கைநீட்டாமல் இந்த இயந்திரத்தை வாங்கினார். லாரிக் கம்பெனியின் நீலச் சட்டையைத்தான் இன்றும் போட்டிருக்கிறார்.

"நான் ஒம்பதாம் கிளாஸோட சரி. ஆனா இந்த மலைல எனக்கு மேல படிச்ச மரம் ஒண்ணுகூட இல்ல."

பெருமை பேசுகிறார் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பேசட்டுமே. அவர் அறுத்த பலகையை நிமிர்த்தி, ஓரத்தில் ஒரு கண் வைத்துப் பார்த்தால் கோணல் தெரியாது. அப்படி அறுக்கத் தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

ரம்பம் ஓடுமுன் ஒரு சடங்கு உண்டு. தடி யாருடையதோ அவரைப் பார்த்து மூன்று முறை கேட்பார்: "இரும்பு இருக்கா?" அவர் மூன்று முறையும் "இல்லை" என்று சொல்ல வேண்டும். சொன்னபிறகும் ஆணி அகப்பட்டால் ரம்பப் பட்டைக்கான ஆறாயிரம் யென்னைத் தடிக்காரர் தர வேண்டும். உறையில் போட்டு மரியாதையாக நீட்டும் வேலை கிடையாது. வெறுங்கையில், எல்லோர் முன்னாலும், சத்தமாக எண்ணி வைக்க வேண்டும். அதுதான் ஆணிக் காசு.

அதைவிடப் பெரிய அவமானம் ஒன்று உண்டு. தடி உருளாமல் பக்கவாட்டில் தாங்கிப் பிடிக்க, இயந்திரத்திலேயே முட்டுக்கம்பிகள் நிற்கின்றன. கடைசிப் பலகைகளை அறுக்க ரம்பம் தாழ்ந்து வருமுன் அவற்றைக் கீழே இறக்கிவிட வேண்டும். மறந்தால், ரம்பம் சொந்த இரும்பையே கடித்துவிடும். தடிக்காரர் மேல் ஒரு தப்பும் கிடையாது. கினுயோவிடம் கேட்டு இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து, அப்படி மறந்தவர்களின் பெயர்கள் கொட்டகைச் சுவரில் ஒரு பலகையில் இருக்கின்றன: "சொந்த இரும்பைத் தின்றவர்கள்." ஹதானோ பெயர் இரண்டு முறை இருக்கிறது. எழுதியது கினுயோ. "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. என் பேரு அதுல இருக்கான்னு மூக்குக் கண்ணாடி போட்டுத் தேடிக்கோங்க" என்று புதிதாக வருபவர்களிடம் சொல்வது அவரது வழக்கம். நான்கு ஆண்டுகளாக அதைச் சொல்லும்போது அவர் பலகையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பல் மருத்துவர் யாபுகியும் இந்தக் கூட்டத்தில் ஒருவர், வயது நாற்பத்தெட்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரது பெற்றோர் வீட்டில் ஒரு செஸ்ட்நட் மரம் அண்டை வீட்டுக் கூரைமேல் சாய ஆரம்பித்தது. அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. யாபுகியே கயிறு போட்டு ஏறி, மூன்று சனிக்கிழமைகளில் உச்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். தடியைக் கினுயோ அறுத்தார். கடைசிக்கு முந்தின பலகையில் மழை தூற ஆரம்பித்தது. அவசரம். கிரீச்சென்று ஒரு சத்தம், தீப்பொறி, ரம்பப் பட்டை நெளிந்து நின்றது. மனம் யோசிக்குமுன் கினுயோவின் வாய் கத்திவிட்டது:

"ஆணி!"

எல்லோரும் தலையாட்டினார்கள். யாபுகி ஆறு நோட்டுகளை எண்ணி அவர் கையில் வைத்துவிட்டு மழையில் கிளம்பிப் போனார். மாலையில் மரத்தூளைக் கூட்டும்போதுதான் கினுயோ பார்த்தார். நடு முட்டுக்கம்பி இறக்கப்படாமல் நின்றது. அதன் தலையில் நகக்கண் அளவு பளபளவென்று ஒரு வெட்டு.

மறுநாள் மஞ்சள் பெயிண்ட் வாங்கி மூன்று கம்பிகளுக்கும் அடித்தார். "கண்ணுக்குத் தெரியணும்ல" என்றார் கேட்டவர்களிடம்.

அந்த ஆறு நோட்டுகளையும் ஓர் உறையில் போட்டுச் சட்டையின் உள்பையில் வைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கொடுத்துவிடலாம் என்று வருவார். கொட்டகைச் சுவரிலிருக்கும் பெயர்ப் பலகையைப் பார்ப்பார். கொடுக்கமாட்டார். அதற்குப் பதிலாக மருத்துவரின் சங்கிலி ரம்பத்தைத் தீட்டித் தருவார். அறுப்புக் கூலியில் பாதியைத் தள்ளுவார். காய்ந்த பெர்சிமன் பழங்களைச் சரமாக அவர் காரில் மாட்டிவிடுவார். "அக்காவுக்கு என் மேல தனிப் பாசம்" என்று யாபுகி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் கினுயோ மிட்டாயை நறுக்கென்று கடிப்பார். நடுவில் அரசாங்கம் ஆயிரம் யென் நோட்டின் படத்தையே மாற்றிவிட்டது. உறைக்குள் பழைய நோட்டுகள் கிடந்தன.

இந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை, யாபுகி காரின் கூரையில் ஒரு தடித்த கட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். அதே செஸ்ட்நட் மரம். அன்றைய அறுப்பில் மிஞ்சிய அடிக்கட்டை அதுதான். கையில் ஒரு கற்றை எக்ஸ்ரே.

"நோயாளி யாரு டாக்டர்?" என்றார் ஹதானோ.

"என் மேசை. அன்னிக்கு ரம்பம் நெளிஞ்ச பலகைல மேசை செஞ்சேன்ல? ராத்திரில பல்லுக்கு வைக்கிற தகடை வச்சு அங்குலம் அங்குலமா எடுத்துப் பார்த்தேன். ஆணி இல்ல. அப்போ இதுக்குள்ளதான் இருக்கணும்."

"ஆணிக்கு எதுக்கு இந்தப் பாடு?"

யாபுகி கொஞ்சம் வெட்கப்பட்டார். "எங்கப்பா நகராட்சில கணக்கு எழுதினவரு. கையில ஒரு சுத்தியலப் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல. அந்த மரத்துல எனக்கு ஊஞ்சல் கட்டினாருன்னு அம்மா சொல்வாங்க. நான் நம்பல. ஆணி அகப்பட்ட அன்னிக்குத்தான் நம்பினேன். எனக்காக ஒரு ஆணி அடிச்சிருக்காரு மனுஷன். அத எடுத்து மேசைல பதிக்கணும். அக்கா, அது வர்ற வரைக்கும் மெலிசு மெலிசா அறுத்துக்கிட்டே போங்க. கட்டை போனா போகட்டும்."

கட்டையை ஏற்றினார்கள். கினுயோ அதில் காது வைக்கவில்லை, தட்டவுமில்லை. இயந்திரத்தை முடுக்கினார். நின்ற இடத்திலிருந்து கேட்டார்:

"இரும்பு இருக்கா?"

"இருக்கு!" என்றார் யாபுகி. எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்ததே இல்லை.

"இரும்பு இருக்கா?"

"இருக்கு அக்கா!"

மூன்றாவது முறை கேட்க வாயைத் திறந்தார். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. முழுசாக ஒரு கட்டை, தூளாகப் போகக் காத்துக் கிடந்தது. கினுயோ கை நீட்டி இயந்திரத்தை அணைத்தார்.

"இல்ல" என்றார்.

சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து, நடு முட்டுக்கம்பியின் தலையில் மஞ்சள் பெயிண்ட்டைச் சுரண்டினார். நான்கு ஆண்டுப் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே அந்த வெட்டு.

"இங்க பாருங்க டாக்டர். நீங்க தேடற ஆணி இதுதான். நான் தின்னது. தின்னுட்டு உங்க மேல போட்டேன்."

ஹதானோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். யாபுகி குனிந்து அந்த வெட்டில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பல்லில் சொத்தையைத் தடவுவது போல வெகு நேரம் தடவினார்.

"அப்போ ஊஞ்சல் இல்லையா?"

"அது எனக்குத் தெரியாது. பார்க்காததச் சொல்லமாட்டேன், ஒரு தடவ சொன்னதே போதும்." கினுயோ மிட்டாயைத் துப்பினார். "ஆனா நீங்க வாரா வாரம் கயித்துல தொங்கற ஆளு. ஊஞ்சலுக்கு எவனாச்சும் ஆணி அடிப்பானா? கிளைல கயித்தப் போட்டு இழுத்துக் கட்டினா ஆச்சு."

யாபுகி நிமிர்ந்தார். "கீழ்க் கிளைல ஒரு பள்ளம் இருந்துச்சு" என்றார் மெதுவாக. "பட்டை தேஞ்சு, வழவழன்னு. கயிறு நழுவாம உக்காருதுன்னு நான்கூட அதுலதான்… அந்தக் கிளை எங்க?"

ஹதானோ தொப்பியைக் கழற்றினார். "எங்க வீட்டு அடுப்புல எரிஞ்சுபோச்சு டாக்டர். ரெண்டு குளிர்காலம் ஆச்சு. நல்லா சூடு குடுத்துச்சு."

யாபுகி அவரையே பார்த்தார். பிறகு, எதிர்பாராமல், சிரித்தார். கண் கலங்கியபடியே சிரித்தார். கட்டையின் பட்டையை ஒரு தட்டுத் தட்டி, "இத இறக்குங்க. அறுக்க வேணாம்" என்றார்.

கினுயோ கொட்டகைக்குள் போனார். தூரிகையை மையில் தோய்த்து, பலகையில் ஹதானோவின் இரண்டாவது பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். மற்றப் பெயர்களைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினார். வெளியே வந்து உறையை எடுத்து அதன் வாயைக் கிழித்தார்.

"உறையோடவே குடுங்க அக்கா, பரவால்ல."

"கையை நீட்டுங்க."

யாபுகி கையை விரித்தார். மற்றவர்கள் நெருங்கி வந்து நின்றார்கள். கினுயோ தொண்டையைச் செருமிக்கொண்டு, வயலின் அந்தக் கோடிவரை கேட்கும்படி, பழைய நோட்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு." ஆறாவது நோட்டு மடங்கியிருந்தது. அதை நீலச் சட்டையில் ஒருமுறை தேய்த்து நேராக்கினார். "ஆறு."