சருகுப் புகையும் ஹெலிகாப்டரும்

எழுபதுகளில், காட்டில் ஒளிந்திருந்த ஆயுதக் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் போகும் ராணுவ ஹெலிகாப்டர்கள் எங்கள் குருண் ரப்பர்த் தோட்டத்துக்கு மேலாகத்தான் பறக்கும். நம்மைக் காப்பவை என்று கையசைப்போம்.

அன்று ரப்பர் பால் எடுக்கும்போது, கொசுவை விரட்டச் சருகைக் கொளுத்தியிருந்தேன். புகையை எதிரி முகாம் என்று நினைத்தார்களோ என்னவோ, ஹெலிகாப்டர் ஒன்று திரும்பி வந்து, இலையுதிர்ந்து மொட்டையாக நின்ற மரங்களுக்கு மேலேயே நின்றது. கதவோரத் துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. வாளியோடு ஓடப் பார்த்தேன்.

பக்கத்து மர வரிசையில் பால் எடுத்துக்கொண்டிருந்த மேரியக்கா அலறினார்: "ஓடாதடி! ஓடுனா சுட்டுருவான்லா! பால ஊத்திக் காட்டு, தோட்டத்து ஆளுன்னு தெரியட்டும்!"

வாளியைக் கவிழ்த்தேன். வெள்ளைப் பால் தரையெங்கும் பரவியது. துப்பாக்கி மெல்ல விலகியது.

காப்பவனுக்கும் மேலிருந்து பார்த்தால் நான் யாரோதான். இன்றும் எங்காவது சருகு எரிந்தால், என் கை வாளியைத் தேடுகிறது.