மஞ்சள் துணியில் முடிந்த கத்தி

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. அவர் நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று அண்ணன் மகள் பிடிவாதமாகச் சொன்னாள். நாலாவது வரைக்கும்தான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது ஹனூர் பக்கம். மழையில்லாமல் காடு காய்ந்த வருஷம் மைசூருக்கு வந்து, நஞ்சன்கூட்டில் ஒரு பேக்டரியில் ஃபிட்டராகச் சேர்ந்தார். கணவரை இழந்து வந்து நின்ற என்னையும் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பொய் அவர் வாயில் வராது.

தேய்ந்த ரம்பத் தகட்டை ராவி அவர் செய்த கத்தியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரும்பு பிடியின் கடைசி வரைக்கும் ஒரே துண்டாக ஓடும். இரண்டு பக்கமும் புளியங்கட்டை, மூன்று பித்தளை ஆணி. தடவினால் ஆணி எது, கட்டை எது என்று விரலுக்குத் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் கத்தியை வாங்கிப் பிடியை ஆட்டிப் பார்ப்பார். ஆடினால், "இது கத்தி இல்லீங்க, கரண்டி" என்பார். தன்னுடையதையும் விடமாட்டார்: "பிடி அரை விரக்கடை நீளமாப் போச்சு."

மாதேஸ்வரன் மலைப் பாதையில் அந்த வருஷங்களில் இருந்த பயம் உங்களுக்குத் தெரியும். காட்டில் ஒளிந்திருந்த கொள்ளைக்காரனைத் தேடிய போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்திப் பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள். அப்போது ஒரு முறை நானும் அண்ணனும் மலையில் பொங்கல் வைக்கப் புறப்பட்டோம். "அம்மிணி, கத்தியைப் பாத்திரப் பையில மேலாக வை. கண்ணுக்குத் தெரியட்டும்" என்றார் அண்ணன்.

நான் கேட்கவில்லை. கத்தி கண்ணில் பட்டால் வம்பு வரும் என்று பயம். காணிக்கை முடிந்த மஞ்சள் துணியைச் சாமி முன்னால்தானே அவிழ்ப்போம், யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்தேன். கத்தியை அதற்குள் வைத்து முடிந்து, அரிசிக்கு அடியில் திணித்தேன்.

செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் முடிச்சை அவிழ்த்தார். காணிக்கைக் காசோடு கத்தியும் விழுந்தது.

"யாருது இது?" என்று கன்னடத்தில் கேட்டார். நான் சிதறிய காசைப் பொறுக்கக் குனிந்துகொண்டேன்.

"என்னுதுங்க. நான்தான் வெச்சேன்" என்றார் அண்ணன்.

அவரைப் பைகளோடு கொட்டகைக்குள் கூட்டிப் போனார்கள். நான் இறங்கி வாசலில் நின்றேன். பஸ் போய்விட்டது. உள்ளே போனவர் திரும்பாமலே போனால் அண்ணிக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தேன்.

"முனையைப் பாருங்க சார், உருட்டி மழுக்கியிருக்கேன். குத்தினா இறங்காது. முதுகு தடிமன், தேங்காய் தட்டறதுக்கு" என்று அண்ணன் சொல்வது கேட்டது.

அதிகாரி அரிசிப் பையில் குத்திப் பார்த்தார். சாக்குத் துணிகூடக் கிழியவில்லை. "நீ செஞ்சதா?"

"ஆமாங்க. பிடிதான் கொஞ்சம் நீளமாப் போச்சு."

"நிக்கற இடத்தைப் பாரு, பிடி நீளம் பேசறான்! சரி, சமையல் கத்தியை எதுக்கு ஒளிச்சே?"

"பயமுங்க" என்றார் அண்ணன்.

அது என் பயம். அப்போதாவது உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வாசலிலேயே நின்றேன்.

விட்டுவிட்டார்கள். கத்தியைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து வெளியே வந்தவர், "அடுத்த பஸ் எப்போன்னு கேட்டியா அம்மிணி?" என்றார். அவ்வளவுதான். சாகும்வரை என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆட்டோ பிடித்து ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்து உட்கார்ந்திருந்த பேக்டரி ஆட்களுக்கும், வந்து நின்ற சொந்தங்களுக்கும் கைகூப்புகிறேன்.

பஸ்ஸில் இருந்தவர்கள் சொல்லிக் கதை பரவி, கல்யாண வீடுகளில் "சாமி முடிச்சில கத்தி வெச்ச மாமா" என்று நீங்கள் கேலி செய்வீர்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நான் இலை போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

இனி அவரை அப்படிச் சொல்லாதீர்கள். அந்த முடிச்சைப் போட்டவள் நான்.