மெக்கானிக் நெற்றியில் அம்மாவின் பொட்டு

உங்கள் வீட்டில் துணி துவைப்பது யார்? செம்பூரில் எங்கள் வீட்டில் அப்பா. அம்மா அவரோடு சண்டை போட்டு டோம்பிவிலியில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. போகிற அன்று, வாஷிங் மெஷின் குமிழை அப்பா எதுவரை திருப்ப வேண்டும் என்று காட்ட பேனலில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுப் போனாள். அப்பா முறுக்கிய முறுக்கில் குமிழ் உடைந்தது.

தாராவியிலிருந்து மெக்கானிக் வந்தார். பெரிய மீசை. ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொண்டேதான் பேசுவார். பேனலையே மாற்றணும் என்றார்.

"இந்தப் பொட்டு யாரு வச்சது தம்பி?"

"அம்மா. அப்பாவுக்கு அடையாளத்துக்கு."

"அம்மா எங்க?"

"போயிட்டா. டோம்பிவிலிக்கு."

"டோம்பிவிலிதானா? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன். அங்கேருந்து ட்ரெயின் இருக்குல்லா."

பொட்டை நகத்தால் பெயர்த்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டார். "கீழ வச்சா தொலைஞ்சிரும்லா."

வேலை முடியும்வரை மீசையும் மெரூன் பொட்டுமாக இருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

புதுப் பேனலிலும் அதே இடத்தில் பொட்டை ஒட்டினார். இதில் குமிழைச் சுற்றியுள்ள குறிகளின் வரிசையே வேறு, பொட்டுவரை திருப்பினால் துவைக்காது, அலச மட்டும்தான் செய்யும் என்று சொன்னேன்.

"அம்மா வந்து மாத்தட்டும் தம்பி."

கிண்டல் செய்தாரா, வேண்டிக்கொண்டாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்பா பொட்டை நகர்த்தவில்லை. நானும்தான். இப்போது நான் போட்டிருக்கும் துவைத்த சட்டையில் போன வாரத்து பாவ்பாஜி கறை இருக்கிறது.