ஒரே பேர், ரெண்டு வயிறு

பேண்டேஜ் துணி மடிக்கிற வேலையில் கை சுத்தமாக இருந்தால் போதும். வயிறு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பில் பெயிலான கையோடு ராஜபாளையத்தில் அப்படி ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். மடிப்பு செக்‌ஷனில் எனக்குப் பக்கத்து இடம் பாக்கியம் அக்காவுக்கு. அக்கா வீட்டுக்காரர் குருசாமி அண்ணன் அங்கேயே தறி ஓட்டினார். மேஸ்திரி முதல் முதலாளி வரை எல்லார் குரலும் எனக்கு வரும். அதற்காகக் குட்டும் வாங்கியிருக்கிறேன். வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிற மக்களே, இது உங்களுக்குத்தான்.

ஓடைப் பாசஞ்சர்

சோறு உள்ளே போனதும் குருசாமி அண்ணனுக்குக் கலக்கிவிடும். தறியை நிறுத்திவிட்டு கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற ஓடைக்கு ஓடுவார். நான் ஸ்டேஷன் மைக் குரலில், "தென்காசி பாசஞ்சர் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்பேன். தறிக்காரர்கள் விசிலடிப்பார்கள்.

அக்காவுக்கு நேர் எதிர். நாள் கணக்காகப் போகாது. பெண்களுக்கு இருந்த ஒரே கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எதிரிலேயே மேஸ்திரியின் நாற்காலி. அக்கா தண்ணீர் கூடக் குடிக்காமல் மடிக்கும். ஒருநாள் நான் மைக் குரலில் சொல்லி முடித்ததும் அக்கா சொன்னது: "அவியளுக்கு ஓடை இருக்குட்டி. நமக்குப் பல்லைக் கடிக்கத்தான் இருக்கு."

சாயங்காலப் பிள்ளை

அக்காவுக்குக் காலையில் ஒட்டிக் கிடக்கிற வயிறு சாயங்காலம் உப்பி நிற்கும். தீட்டு வருகிற வாரம் இன்னும் மோசம். கொசுவத்தைத் தளர்த்திக்கொண்டுதான் நிற்க முடியும். பிள்ளையில்லாத அக்காவைப் பார்த்து செக்‌ஷனே குசுகுசுத்தது. நான் வயிற்றில் துணிச்சுருளைக் கட்டிக்கொண்டு, அக்கா மாமியார் குரலில், "என் பேரன் உதைக்கானா?" என்று கேட்டபடி நடந்து காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தது. பிறகு என் காதோரம் சொன்னது: "ஏட்டி, காலையில இல்லாத புள்ள சாயங்காலம் எங்கேருந்து வரும்? வந்தாத்தான் நல்லாருக்குமே."

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர்

இரண்டு பேரும் ஒரே நாளில் டாக்டரிடம் போனார்கள். துணைக்கு நானும் போனேன். "இனியொரு லீவு கேட்டா உன் இடத்துல வேற பிள்ளை உக்காந்திரும்" என்று அக்காவிடம் மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணனிடம் டாக்டர் விலாவாரியாகக் கேட்டார். அக்காவிடம் "வீட்டுல சண்டையா?" என்பதோடு சரி. கடைசியில், "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான். குடல் எரிச்சல்" என்று சொல்லி, ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஏன் இரண்டு சீட்டு என்று சொல்லவில்லை.

மருந்துக்கடையில் அண்ணன் தன் சீட்டை மட்டும் நீட்டினார். அக்கா தன் சீட்டைக் காட்டியதற்குச் சொன்னார்: "ஒரே வியாதிக்கு எதுக்குட்டி ரெண்டு மருந்து? எம் மாத்திரையவே நீயும் முழுங்கு."

நம்ம மடிப்பு இல்லை

அண்ணனுக்கு ஓட்டம் நின்றது. அக்காவுக்கு எப்போதாவது போனதும் நின்றது. இடம் பறிபோகுமே என்ற பயத்தில், கல்லாய்ப் போன வயிற்றோடு வேலைக்கு வந்தது. தீட்டு வந்த அன்று மத்தியானம் வாந்தியெடுத்து, துணிப் பொதி மேலேயே சாய்ந்துவிட்டது. கம்பெனி வேனில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மதுரை. அங்கே ஒரு டாக்டரம்மா மாத்திரை அட்டையைப் பார்த்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்: "இது ஓடுற குடலைக் கட்டிப்போடுறதுய்யா. கட்டிக் கிடக்குற குடலுக்கா குடுத்த?" குடல் கிழிந்து, கொஞ்சத்தை வெட்டி எடுத்து, வயிற்றோரம் மலம் இறங்க ஒரு பையை மாட்டிவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். அண்ணன் வார்டுக்கும் கக்கூஸுக்கும் நடையாக நடந்துகொண்டிருந்தார், மாத்திரையை விட்டுவிட்டாராம். எனக்கு யார் குரலும் வரவில்லை.

"என் இடத்துல யாருட்டி?" என்று கேட்டது அக்கா.

"புதுசா ஒரு பிள்ளை."

அக்கா போர்வையை விலக்கி, வயிற்றுக் கட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தது. "நூலு பிரிஞ்சு நிக்கி பாரு. அவ மடிச்சதாத்தான் இருக்கும்."

ஊரான் புண்ணுக்கெல்லாம் துணி மடித்த எங்களுக்கு, ஓடுகிற வயிறு வேறு, அடைக்கிற வயிறு வேறு என்று தெரிய ஒரு வயிற்றை அறுக்க வேண்டியிருந்தது.