தொங்கிய சக்கரத்தில் எடுத்த அளவு

பிக்கப்பைக் கட்டி இழுத்து வந்து கராஜ் வாசலில் விட்ட ரஷீத் நானா நேரே என் மேசைக்கு வந்தார். தலைமன்னாரிலிருந்து மீன் ஏற்றுகிறவர்.

"மிஸ், உங்கட பெரிய ஷாப்ட் கியர்பொக்ஸை உடைச்சிட்டுது. ஐஸெல்லாம் தண்ணி. மீன் வேணுமெண்டா எடுங்க, மன்னாருக்கே கறி வைக்கலாம்."

நான் அங்கே எந்த வண்டிக்கு என்ன வேலை என்று ஜொப் கார்ட் எழுதுகிறவள். நானா தன் பிக்கப்பின் எஞ்சின் பவரைக் கூட்டியிருந்தார். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பழைய ட்ரைவ் ஷாப்ட் அதைத் தாங்காமல் கடற்கரை மணலில் முறுக்கிக்கொண்டது. தடித்த குழாயில் புதியதைக் கொழும்பில் செய்விக்க முடிவானது. அளவு அனுப்புவது என் பொறுப்பு.

அளந்த அன்று வண்டி, தூக்கிப் பிடிக்கும் ஹொயிஸ்டில் சக்கரம் தொங்க நின்றது. மெக்கானிக் அந்தோனி அண்ணை சொன்னார்: "தங்கச்சி, கீழ இறக்கி, பாரம் ஏத்தி அளப்பம். தொங்கேக்கை நீளம் கூடக் காட்டும்."

மகளுக்குக் காய்ச்சல் என்று பாலர் பாடசாலையிலிருந்து அப்போதுதான் அழைத்திருந்தார்கள்.

"நேரமில்லை அண்ணை. இப்பிடியே சொல்லுங்கோ."

அவர் டேப்பைப் பிடித்தார், நான் எழுதினேன். அந்த அளவில் வந்த புதிய ஷாப்ட் வெறும் வண்டியில் நன்றாகவே ஓடியது. மீனும் ஐஸும் ஏறிப் பின்பக்கம் பதிந்தபோது, உள்ளே நகர இடமில்லாமல் கியர்பொக்ஸை முட்டி உடைத்துவிட்டது.

நானாவின் சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "ஆர் அளந்தது?"

"டேப் பிடிச்சது நான், சேர்," என்றார் அந்தோனி அண்ணை. என்னை ஒருமுறை பார்த்தார். நான் ஜொப் கார்டைப் பார்த்தேன். வேலை போனால் மகளுக்கு என்ன செய்வேன் என்ற பயம். அவருக்கும் மூன்று பிள்ளைகள்.

அவரை வாகனம் கழுவ அனுப்பிவிட்டார்கள். இருபது வருட மெக்கானிக் வெயிலில் சேறு கழுவுவதை இரண்டு நாள் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை முதலாளியிடம் போய், அண்ணை தடுத்தும் அவசரப்படுத்தியது நான்தான் என்றேன்.

"ரெண்டு நாளா என்ன பிள்ளை செய்தனீர்?"

 

அண்ணை தன் வேலைக்குத் திரும்பினார். அடுத்த ஷாப்டுக்கு வண்டியை நிலத்தில் நிறுத்தி, ஐஸ் பெட்டிகளை ஏற்றி அளந்தோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அளவை எழுதும்போது வண்டி எப்படி நின்றது என்பதையும் எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் கையெழுத்தை வையுங்கள். அந்தோனி அண்ணை இப்போது என்னிடம் கேட்பது அந்தக் கையெழுத்தை மட்டும்தான். வேறு கதை கதைப்பதில்லை.